பொதிகை மலையும் அதன் அருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பொதிகை அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்டம் விக்கிரமசிங்கபுரத்தில். ஆனி பிறந்துவிட்டால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றேதான். மற்றவை எல்லாம் வந்து குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டே கேட்பவை. பள்ளியில் பல வருடம் புவியியல் நடத்தியவன் என்பதால் எல்லாக் கேள்வியும் கடைசியில் என் பக்கம் திரும்பிவிடும். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை மாற்றவில்லை.

"அண்ணாச்சி, அருவில தண்ணி விழுதா? இந்த வாரம் வந்தா குளிக்கலாமா?"

எந்த அருவி என்று முதலில் சொல்லுங்கள். குற்றாலத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். ஐப்பசி, கார்த்திகையிலும் அங்கே தண்ணீர் கொட்டும், ஆனால் அப்போது வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவது அடிக்கடி நடக்கும். பாபநாசம் அகத்தியர் அருவியில் பெரும்பாலும் வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்கும். மணிமுத்தாறு அருவிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். பாணதீர்த்தம் காரையாறு அணைக்கு (பாபநாசம் அணை என்பதும் இதுதான்) மேலே, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க விடுவதும் விடாததும் காலத்துக்குக் காலம் மாறும்.

கிளம்புகிற அன்று காலையில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் விசாரித்துவிட்டு வருவதுதான் சரி. நேற்று குளித்தவர் சொன்னதை நம்பி இன்று வராதீர்கள். ஏன் என்பதை வெள்ளம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"பொதிகை மலைன்னா எது, அகத்தியமலைன்னா எது? ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றுதான். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையில் 1,868 மீட்டர் உயரத்தில் கூம்பு மாதிரி நிற்கும் சிகரத்தை நாம் பொதிகை, அகத்தியமலை என்கிறோம். கேரளத்தில் அகஸ்தியகூடம் என்பார்கள். அந்தச் சிகரத்தைச் சுற்றியுள்ள மலைக்கூட்டம் முழுவதற்கும் அதே பெயர் நிற்கிறது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே ஆரம்பித்து கன்னியாகுமரிப் பக்கம் வரை நீளும் மலை அது.

இந்தப் பகுதிக்கு அரசு வைத்த பெயர்களும் சில உண்டு. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயம் ஆயின. இரண்டையும் சேர்த்து 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். இரண்டு மாநிலப் பகுதிகளும் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். 2016-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது.

"தாமிரபரணி எங்க பிறக்குது? பாணதீர்த்தம்தானே ஆரம்பம்?"

பாணதீர்த்தத்துக்கு வரும்போதே அது வளர்ந்த ஆறு. பொதிகையில் பூங்குளம் என்ற இடத்தை ஊற்று என்று சொல்வது வழக்கம். அங்கிருந்து இறங்கி வரும்போது பேயாறு, உள்ளாறு, பாம்பாறு என்று பல காட்டாறுகள் சேரும். பாணதீர்த்தத்தில் விழுந்து காரையாறு அணைக்குள் நுழையும். அணையிலிருந்து வெளியே வந்தபிறகு சேர்வலாறு சேரும். அப்புறம் கல்யாண தீர்த்தம், அகத்தியர் அருவி, பாபநாசம். அதோடு மலை முடிந்து வயல் ஆரம்பித்துவிடும்.

கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில் உண்டு. புன்னைக்காயலில் கடலில் கலக்கும்வரை மொத்தம் சுமார் 128 கிலோமீட்டர். கார், பிசானம் என்று நம் ஊரில் நெல்லுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், இருப்பதே இந்த ஆற்றை நம்பித்தான்.

"சாரல்னா சின்ன மழைதானே? அதுக்கு ஏன் தனியா ஒரு பேரு?"

தலைக்கு மேலே இருக்கும் மேகத்திலிருந்து விழுந்தால் அது தூறல். சாரலுக்கு மேகம் நம் தலைக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அதில் நுண்ணிய துளிகளைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து நம் முகத்தில் வீசும். அதனால்தான் வெயில் அடிக்கும்போதே சாரலும் அடிக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலையில் மோதும். மேலே ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தைக் கேரளப் பக்கத்திலும் முகட்டிலும் மழையாக இறக்கிவிடும். நம் பக்கம் இறங்கும்போது பெரும்பாலும் காய்ந்த காற்றாகிவிடும். ராதாபுரம் பக்கத்தின் வறட்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மலைச்சுவரில் சில இடைவெளிகள் இருக்கின்றன. ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு வரும் கணவாய் அதில் ஒன்று. அந்த வாசல் வழியாகக் காற்று ஈரம் குறையாமல் நுழைகிறது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டைக்காரர்களுக்கு ஆடி மாதம் கிடைக்கும் சுகம் திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்பவருக்குக் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

"குற்றாலத்துல கூட்டம் நெரியுது, அதே நாள்ல மணிமுத்தாறு ஏன் சும்மா கிடக்கு?"

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மலைத்தொடரின் கிழக்குச் சரிவுதான். ஆனால் குற்றாலம் கணவாயின் வாசலில் இருக்கிறது (முந்தைய பதில்). பாபநாசம் அணைக்குத் தண்ணீர் தரும் மலைப்பகுதி முகடு வரைக்கும் போவதால், தென்மேற்கு மழையில் அதற்கும் நல்ல பங்கு வரும். மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்புக்கு அந்தப் பங்கு குறைவு.

ஐப்பசியில் காற்று திசை மாறி வங்கக்கடலிலிருந்து வரும். அப்போது கிழக்குச் சரிவு நேராக முகம் கொடுக்கும். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களின் பெயர் மழைச் செய்தியில் தினமும் வருவது அந்த மாதங்களில்தான். மணிமுத்தாறு அணையின் 118 அடியும் பெரும்பாலும் அப்போதுதான் நிறையும்.

"இமயமலையில பனி உருகுது, கங்கை ஓடுது. நமக்குப் பனியே இல்லையே, அப்புறம் எப்படி வற்றாத ஆறு?"

இந்தப் பக்கத்தில் இருக்கிற கேள்விகளில் முக்கியமானது இது. நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் காரணம், இரண்டு பருவமழை. ஒன்று ஜூனில் தொடங்கும், மற்றது டிசம்பரில் முடியும். ஆறு மாதத்துக்கு மேல் மலை நனைந்துகொண்டே இருக்கிறது. ஆனால் மழை மட்டும் போதாது. மொட்டைப் பாறையில் பெய்த மழை அன்றைக்கே கடலுக்குப் போய்விடும். இங்கே 700 மீட்டருக்கு மேல் பெரும்பகுதி பசுமைமாறாக் காடு. இலைகள் அடுக்கடுக்காக மழையைத் தாங்கி, மரத்தண்டு வழியாக மெதுவாக இறக்குகின்றன. கீழே சருகும் மக்கும் வேரும் சேர்ந்த மெத்தை. அதில் இறங்கிய தண்ணீர் மண்ணுக்குள்ளும், பாறையின் விரிசல்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கசிகிறது. மாசி, பங்குனியில் அருவியில் நூல் மாதிரி விழும் தண்ணீர் கார்த்திகையில் பெய்ததாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்யாத நாளிலும் முகட்டை மேகம் உரசிக்கொண்டே போகும். கிளைகளில் தாடி மாதிரித் தொங்கும் பாசிகளும், மரத்தில் தொற்றி வளரும் பெரணிகளும், ஆர்க்கிட் செடிகளும் அந்த மேகத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்து இறக்கும். அனுமதியோடு ஒருமுறை மேல்காட்டுக்குப் போனபோது மழையே இல்லை. ஆனால் மரத்தடியில் நின்ற என் சட்டை நனைந்துவிட்டது. பனிமலை கங்கைக்குச் செய்கிற வேலையை இந்தக் காடு நமக்குச் செய்கிறது. அருவி என்று நாம் பார்க்கப் போவது அந்த வேலையின் கடைசி ஐம்பது மீட்டரைத்தான்.

"இது என்ன பாறை சார்? கிரானைட்டா?"

கடைக்காரர்கள் எல்லாக் கடினக் கல்லையும் கிரானைட் என்பார்கள். பொதிகையில் பெரும்பாலும் இருப்பது சார்னோகைட். புதிதாக உடைந்த இடத்தைப் பாருங்கள்: பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய் தடவினது போல ஒரு மினுமினுப்பு. மழை, வெயில் பட்டுப் பழசான மேற்பரப்போ பழுப்பாகிவிடும். பெயருக்கு ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறையில் உள்ள கல், சென்னைக்குப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். பல்லாவரம் குன்றுக்கும் நம் பொதிகைக்கும் கல் உறவு இருக்கிறது.

இந்தப் பாறை இன்றைய உருவத்தை அடைந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி, கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக்கொண்ட காலம் அது. அப்போது இப்பாறைகள் இருபது கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், 800 டிகிரி அளவு வெப்பத்தில் வெந்தன. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனபிறகுதான் இவை வெளிச்சத்துக்கு வந்தன. நீங்கள் அருவியில் முதுகைச் சாய்த்து நிற்பது ஒரு காலத்துப் பூமியின் அடிவயிறு.

சார்னோகைட்டோடு கோண்டலைட் என்ற பாறையும் இந்த மலைகளில் உண்டு. அதில் கார்னெட் என்ற சிவப்பு மணிகள் இருக்கும். மலை அரித்து, ஆறு சுமந்து, கடல் சலித்து, நம் தென்கடற்கரை மணலில் சிவப்பாக மின்னுவது அதுதான்.

"சரி, மலை முழுக்க ஒரே கல்லுன்னா அருவி மட்டும் ஏன் அந்த இடத்துல விழுது?"

கல் ஒன்றாக இருந்தாலும் அதன் விரிசல்கள் ஒன்றாக இல்லை. ஆழத்திலிருந்து மேலே வந்தபோது அழுத்தம் குறைந்து, பாறை நெட்டாகவும் குறுக்காகவும் வெடித்திருக்கிறது. ஆறு எப்போதும் வெடிப்பு நெருக்கமாக உள்ள இடத்தைச் சுலபமாகத் தோண்டும். வெடிப்பு குறைவான, கட்டியான பாறை வந்தால் அதன்மேல் வழிந்துதான் போக வேண்டும். அந்தக் கட்டிப் பாறையின் விளிம்பில் அருவி உண்டாகிறது. செங்குத்தான வெடிப்பை ஒட்டிப் பாறைத்துண்டு கழன்று விழும்போது விளிம்பு சுவர் மாதிரி நிற்கும்.

இன்னொரு காரணம் மலையின் உருவம். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிமிர்வுக்கு அந்தப் பிளவும் அதற்குப் பின்வந்த நில எழுச்சிகளும் காரணம் என்று புவியியலார் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் நின்று பார்த்தால் வயலிலிருந்து மலை திடீரென்று எழுவது தெரியும். அந்தச் சரிவில் ஆறு படிப்படியாகத்தான் இறங்க முடியும். குற்றாலத்தில் தேனருவி, செண்பகாதேவி, பேரருவி என்று ஒரே சிற்றாறு மூன்று படி இறங்குகிறது.

"பொங்குமாங்கடலுக்கு அடியே கிடையாதாமே?"

அடி உண்டு. பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அப்புறம்தான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம்தான் பொங்குமாங்கடல். அது இல்லாவிட்டால் அவ்வளவு உயரத்திலிருந்து நேரே விழும் தண்ணீரின் கீழ் யாரும் நிற்க முடியாது.

தண்ணீர் மட்டுமே இப்படிக் குழி தோண்டிவிடாது. வெள்ளத்தில் வந்த உருளைக்கற்கள் ஒரு சின்னக் குழியில் மாட்டிக்கொண்டு, சுழலில் சிக்கிச் சுற்றிச் சுற்றி வரும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான மழைக்காலம் அப்படிச் சுற்றினால் பாறை வழவழப்பான கிணறாகிவிடும். அருவிக்கு மேலும் கீழும் உள்ள பாறைகளில் கைப்பிடி அளவு முதல் ஆள் இறங்கும் அளவு வரை இத்தகைய குழிகள் இருக்கும். உள்ளே சுழல் இருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது இவற்றில்தான்.

"தாமிரபரணித் தண்ணியில தாமிரம் இருக்குன்னு சொல்றாங்களே? குற்றாலத்துத் தண்ணி மூலிகைத் தண்ணியாமே?"

பெயரை வைத்துச் செம்பு என்று சொல்கிறார்கள். ஆற்றின் பழைய பெயர் பொருநை. இந்த மலையின் மண்ணுக்கும் கல்லின் மேற்பரப்புக்கும் செந்நிறம் கொடுப்பது இரும்பு. காட்டுக்குள் தேங்கிய தண்ணீர் சில இடங்களில் பால் சேர்க்காத டீ மாதிரித் தெரியும். அது ஊறின இலையின் சாயம்.

மூலிகை மலையில் நிச்சயம் உண்டு. ஆனால் அவ்வளவு தண்ணீரில் அதன் சாறு மருந்தாக வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். குளித்தபின் உடம்பு இலேசாவது உண்மை. குளிர்ந்த தண்ணீர், தோளில் விழும் அடி, நல்ல காற்று, விட்டுவிட்டு வந்த வேலை என்று அதற்கு வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. குடிக்க மட்டும் காய்ச்சிய தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே யானையும் மானும் நடக்கும் காடு அது.

"பொதிகை உச்சியில பனி பெய்யுமா? ஆல்ப்ஸ் மலை மாதிரியெல்லாம் இருக்குமா?"

மேகமும் மூடுபனியும் நிறைய உண்டு. வெண்பனி விழாது. உயரம் கூடக் கூட ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குளிர்ச்சி சேரும். கீழே அம்பாசமுத்திரத்தில் 36 டிகிரி என்றால் உச்சியில் கணக்குப்படி 24, 25 இருக்கும். காற்றும் ஈரமும் சேர்வதால் அதைவிடக் குளிராகத் தோன்றும்.

ஆல்ப்ஸில் ஒரு உயரத்துக்கு மேல் குளிரால் மரமே வளராது. புல்லும் சின்னப் பூச்செடியும் மட்டும் இருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்த எல்லை மூவாயிரத்து ஐந்நூறு மீட்டரையும் தாண்டி வரும். பொதிகை அதில் பாதிதான். அப்படியும் உச்சியில் மரங்கள் இடுப்பளவு, ஆளுயரம் என்று குறுகி, முறுகி நிற்கின்றன. காரணம் ஓயாத காற்றும், பாறைமேல் விரலளவே இருக்கும் மண்ணும். பாறைச் சரிவுகளில் புல்வெளி, பள்ளங்களில் சோலை என்று மாறி மாறி வரும். கீழ்ச்சரிவுகளில் ஈத்தை என்ற மெல்லிய மூங்கில் காடு அடர்ந்திருக்கும். அருகருகே பத்து கிலோமீட்டருக்குள் முள்காடு, இலையுதிர்காடு, மழைக்காடு, குறுமரக்காடு என்று நான்கு உலகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆல்ப்ஸ் ஆக இல்லை என்று எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை.

"வரையாடு, சிங்கவால் குரங்கெல்லாம் போனாப் பாக்கலாமா?"

வரையாடு செங்குத்துப் பாறையும் புல்லும் சேர்ந்த உயரங்களில் வாழும். நம் மாநில விலங்கு. உலகத்திலேயே அதன் தென்கோடி இருப்பிடம் இந்த மலைகள்தான். சாலையிலிருந்து பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. களக்காடு சரணாலயமே அதற்காக உருவானதுதான். மரத்தைவிட்டு அபூர்வமாகவே தரையில் இறங்கும். அதற்குப் பிடித்த மரம் வெடிப்பலா. கிளையிலேயே கொத்துக் கொத்தாகப் பூத்து, முள்காய் காய்க்கும் பெரிய மரம். மற்றவை காய்க்காத மாதங்களில் குரங்கு, அணில், வௌவால் எல்லாவற்றுக்கும் அதன் பூ சோறு போடும். அந்த மரம் குறைந்தால் குரங்கும் குறையும். இன்னொரு மரத்தையும் சொல்ல வேண்டும்: பெண்டிங்கியா கொண்டபன்னா என்ற காட்டுக்கமுகு. யானைக்கு அது மிகவும் பிடிக்கும். அதனால் யானை ஏற முடியாத பாறை விளிம்புகளில்தான் மிஞ்சி நிற்கிறது.

"அருவிப் பாறையில வழுக்குறது வெறும் பாசிதானே? சுரண்டி எடுத்தா என்ன?"

எல்லாம் பாசி இல்லை. பாய்ந்தோடும் தண்ணீருக்கு அடியில், பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் பூக்கும் செடிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. பார்க்கப் பாசி மாதிரியே இருக்கும். மழைக்காலம் முழுக்க வெள்ளத்தின் அடியில் வளரும். தண்ணீர் வற்றி, பாறை வெளியே தெரியும்போது அவசரமாகப் பூத்து, விதைத்து, காய்ந்துவிடும். தூசி மாதிரி விதை. ஈரம் பட்டதும் பாறையில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குடும்பத்தில் ஒரு செடிக்கு நம் மாவட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: இண்டோட்ரிஸ்டிகா திருநெல்வேலியானா. அல்வாவுக்கு மட்டும் ஊர்ப்பெயர் சொல்கிறோம். இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அருவியின் வேகத்துக்கு ஏற்றபடி உடம்பை மாற்றிக்கொண்டவை இன்னும் உண்டு. கர்ரா என்ற சின்ன மீனுக்குத் தாடையின் கீழே தட்டு மாதிரி ஓர் உறுப்பு. அதை வைத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்கும். அதில் ஒரு வகைக்குக் களக்காட்டின் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நடனத் தவளைகள் இருக்கின்றன. தண்ணீர்ச் சத்தத்தில் குரல் எடுபடாது என்று ஆண் தவளை பின்காலை நீட்டி நீட்டிக் கொடி மாதிரி அசைத்துச் சைகை காட்டும். சோப்பும் எண்ணெயும் ஷாம்பும் இவற்றின் வீட்டில்தான் போய் விழுகின்றன. குற்றாலத்தில் அவற்றுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது சும்மா இல்லை.

"வானம் வெளுத்துக் கிடக்கு, ஒரு சொட்டு மழை இல்ல. வெள்ளம் எப்படி வரும்?"

நீங்கள் நிற்கும் இடத்து வானத்துக்கும் அருவிக்கும் சம்பந்தமே இல்லை. மழை பெய்வது முகட்டில், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். சரிவு செங்குத்து, தூரம் குறைவு. மண் ஏற்கெனவே நனைந்து நிறைந்திருந்தால் முன்னால் சொன்ன மெத்தை மேற்கொண்டு குடிக்காது. பெய்ததெல்லாம் அப்படியே இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். சீசன்கூட ஆரம்பிக்காத மே மாதம் அது.

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் சேர்ந்து வருவது, சத்தம் கனத்துப் போவது என்று மூன்று அறிகுறிகள் உண்டு. ஒன்று தெரிந்தாலும் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். செருப்பு, போன், துண்டு எதையும் தேடாதீர்கள். காவலர் விசில் அடித்தால் 'இன்னும் ரெண்டு நிமிஷம்' என்று கெஞ்சாதீர்கள்.

இந்த மலை எவ்வளவு கொட்டும் என்பதற்கு ஒரு கணக்கு: 1992 நவம்பர் 13-ல் காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ.க்கு மேல் பதிவானது. அந்த ஆற்றுவெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்றும் வருடத்தைச் சொல்லாமல் 'அந்த வெள்ளம்' என்றே பேசுவார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தபோதும் மலையிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் கொட்டியது.

"அணையும் கரண்டும் வந்துதானே அருவி கெட்டுப்போச்சு?"

கொஞ்சம் மாறியது உண்மை. காரையாறு அணையில் 143 அடிக்குத் தண்ணீர் நிற்கும்போது அதன் மேல்விளிம்பு பாணதீர்த்தத்தின் காலடி வரை போகும். பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள்; அதற்காகக் குழாயில் போகும் தண்ணீர் அருவிக்கு வராது. அகத்தியர் அருவியில் எவ்வளவு விழுகிறது என்பதில் மழைக்கு உள்ள பங்கு போலவே, மேலே என்ன திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பதற்கும் பங்கு உண்டு. ஆனால் பிசானத்துக்கும் குடிநீருக்கும் அந்த அணையை நம்பித்தான் இருக்கிறோம். கெட்டுப்போச்சு என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"மாஞ்சோலையில தேயிலை போயிட்டா தானா காடு வந்துடுமா?"

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த 8,374 ஏக்கர் அது. கணக்கு 2028-ல் முடிகிறது. 2024-லேயே தோட்டத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மலை இறங்க வேண்டி வந்ததை, காட்டின் பெயரைச் சொல்லி யாரும் சின்னதாக்கக் கூடாது. அவர்களுக்கு வழி செய்வதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

காடு தானாக வருவது மெதுவாக நடக்கும். கைவிட்ட தேயிலைச் செடி வெட்டப்படாமல் மரமாக உயர்ந்து, அடியில் வெளிச்சத்தை மறைக்கும். பக்கத்தில் நல்ல காடு இருந்தால் இருவாட்சியும் மரநாயும் விதை கொண்டுவந்து போடும். அது இல்லாத இடத்தில் வெடிப்பலா, நாங்கு போன்ற மரங்களை நாற்று விட்டு நட்டு, களை எடுத்து, பல வருடம் காக்க வேண்டும். சருகு மெத்தை திரும்ப உருவாவதற்கு அதைவிட நாளாகும்.

"காணிக்காரங்க காட்டுக்குள்ளேயே இருக்காங்களே, நம்மள மட்டும் ஏன் உச்சிக்கு விடமாட்டேங்கிறாங்க?"

காணிகள் இந்த மலையின் பழங்குடிகள்; அவர்கள் அங்கே விருந்தாளிகள் இல்லை. காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று அவர்கள் குடியிருப்புகள் காப்பகம் என்ற சொல் வருவதற்கு முன்பிருந்தே உள்ளவை. எந்த மரம் எப்போது பூக்கும், எந்த ஓடை எப்போது இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1987-ல் கேரளப் பக்கத்தில் ஆராய்ச்சியாளர்களோடு போன காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுச் சோர்வில்லாமல் நடந்ததைப் பார்த்துத்தான் ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி வெளியுலகுக்குத் தெரிந்தது.

உச்சிக்குப் போக விரும்புபவர்களுக்குக் கேரளத்தின் போனக்காடு வழியாக, அம்மாநில வனத்துறை வருடத் தொடக்கத்தில் சில வாரங்கள் அனுமதி தருகிறது. நம் பக்கத்து வழி புலிகள் காப்பகத்தின் உள்ளடங்கிய பகுதி. ஆற்றின் ஊற்றுக்கண்ணும் அதில்தான். அங்கே ஆயிரம் பேர் மிதித்தால் என்ன ஆகும் என்பது ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் ஆற்றங்கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"பாபநாசத்துல கட்டின துணியை ஆத்துல விட்டாத்தானே பரிகாரம்? அதுல என்ன தப்பு?"

முங்கிக் குளிப்பதில் ஒரு தப்பும் இல்லை; நானும் அப்பாவுக்குத் திதி கொடுத்தது அந்தப் படித்துறையில்தான். ஆனால் இன்றைய துணியில் பாதி நைலான், பாலியெஸ்டர். அது மக்காது. கல்லிடுக்கில் மாட்டி, மீன் முட்டையிடும் மணலை மூடி, குளிப்பவர் காலைச் சுற்றும். தன்னார்வலர்கள் இறங்கி வண்டி வண்டியாக எடுக்கிறார்கள். துணியைக் கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள், அல்லது தேவைப்பட்டவருக்குக் கொடுங்கள். பெரியம்மா ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, பையிலிருந்த பழைய சேலையை அப்படியே திரும்பக் கொண்டுபோனாள். எனக்கு அன்று முழுக்க நிறைவாக இருந்தது.

"தாத்தா, தண்ணி பட்டுப் பட்டு மலை கரைஞ்சு, அருவியே இல்லாமப் போயிடுமா?"

ஆறாம் வகுப்புப் பேத்தி கேட்டது. கரையும், ஆனால் உன் காலத்திலோ உன் பேரன் காலத்திலோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. சார்னோகைட் அவ்வளவு கெட்டி. விளிம்பிலிருந்து எப்போதாவது ஒரு துண்டு கழன்று விழும், அருவி கொஞ்சம் பின்வாங்கும், அவ்வளவுதான். கல் இருந்தும் அருவி நிற்கலாம். மேலே மெத்தை போனால் மழை நாளில் மட்டும் விழுந்து மற்ற நாள் காய்ந்து கிடக்கும்.

பங்குனியில் தண்ணீர் குறைந்ததும் பாபநாசம் பக்கம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆற்றோரப் பாறையில் உள்ளங்கை அளவு குழி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கையை விட்டால் அடியில் ஒரு உருண்டைக் கல் கிடக்கும். அதை எடுக்காமல், அப்படியே உருட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அடுத்த மழைக்கு அதற்கு அங்கே வேலை இருக்கிறது.